ஐந்தாம் நாள் ஸ்கான்

சத்திரசிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள். மாற்றி வைத்த ஈரலுக்குள் இரத்தம் நன்றாக ஓடுகிறது என்று ஸ்கான் எடுத்த பெண் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். சஞ்சயன் அதைத் தமிழில் சொல்ல, அம்பலவாணன் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டார்.

"நான் மேனுஷாவைக் கட்டுறதுக்கு இப்பவாவது ஓமெண்டு சொல்லுங்கோ, அப்பா."

"அவையின்ர சாதிச் சனத்தை நாங்கள் வீட்டுக்குள்ள விடுறேல்லை. அவையின்ர வீட்டில தண்ணியும் குடிக்கிறேல்லை."

அப்பாவின் வயிற்றில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்த சஞ்சயன் துணியைக் கீழே வைத்தான்.

"தன்ர ஈரலில பாதியை உங்களுக்கு வெட்டிக் குடுத்திட்டு, அடுத்த வார்டில நோவோட கிடக்கிறாளப்பா."

"அதுக்கு நன்றி சொன்னனான்தானே? ஈரல் உள்ளுக்குக் கிடக்கு, ஆருக்கும் தெரியாது. அவள் மணவறையில இருந்தால் வெம்பிளியில இருக்கிற எங்கட சனம் முழுக்கவெல்லோ பாக்கும்!"