சிந்தனை அறை

உண்மைக்கு அழிவே கிடையாது என்று அறிவித்தார் முதலாளி, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு.

கீழ்த்தளத்தில் தண்ணீர் அவருடைய முழங்காலைத் தொட்டது. விடிய விடியப் பெய்த மழை. மூலையில் கம்பெனியின் மெயில் சர்வர் மூழ்கிக் கிடந்தது. அதற்கு மேலே ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

“இத இங்க வைக்காதீங்கன்னு நான் அன்னிக்கே மெயில் போட்டேன். தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?”

கேட்காதவர் பக்கத்திலேயே நின்றார். கம்பெனியின் மேனேஜர், முதலாளியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. மேல்மாடியில் இருந்த சர்வரை இங்கே இறக்கியது அவர்தான். ஆட்களோடு சேர்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

“அந்த மெயில் எங்க?” என்று படியில் நின்றபடி கேட்டாள் முதலாளியம்மா. கம்பெனியில் பாதிக்குமேல் பங்கு அவள் பெயரில் இருந்தது. அதனால் அவள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாளி தண்ணீரைக் காட்டினார். அந்த மெயிலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

“பேக்கப் இருக்கு சார்” என்றாள் சிஸ்டம் பார்க்கும் பெண்.

சர்வரில் இருந்த அத்தனைக்கும் நகல் ஒரு சின்ன டிஸ்கில், முதலாளியம்மாவின் பீரோவில், துளி ஈரம் படாமல் இருந்தது. ஆனால் பழைய இடத்திலேயே திரும்ப ஏற்ற முடியாது. பழைய இடத்தில் இனி மீன்தான் வளர்க்கலாம். வேறு ஒரு மெஷினில் ஏற்றித் திறந்து பார்க்கலாம்.

“ஏத்து. அந்த மெயில் மட்டும் வரட்டும். மாப்பிள்ளை சாவிக்கொத்த மேசையில வெச்சிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான்.”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏத்திடலாம் அத்தான். நானும் அத ஒரு தடவ பாக்கணும்.”

பயந்துவிட்டான் என்று நினைத்தார் முதலாளி.

நனையாத, பெரிய டிஸ்க் உள்ள மெஷின் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மேல்மாடியில், முதலாளியின் சிந்தனை அறையில் இருந்தது. பழைய சர்வர் அறைதான் இப்போது சிந்தனை அறை. சர்வருக்காகப் போட்ட ஏசி, முதலாளிக்காகப் போட்ட சாய்வு நாற்காலி, சுவரை அடைத்த டிவி, அதோடு சேர்ந்த கம்ப்யூட்டர். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கதவில் ‘சிந்தனை நடக்கிறது’ என்று பலகை தொங்கும். பலகை தொங்கினால் தீப்பிடித்தாலும் தட்டக் கூடாது. உள்ளே கம்பெனியின் எதிர்காலம் உருவாகிக்கொண்டிருக்கும்.

“இடம் பத்தல சார்” என்றாள் அந்தப் பெண். “உங்க பேச்சு வீடியோவ எல்லாம் அழிச்சாத்தான் இது உள்ள போகும்.”

ஊழியர்களுக்கு முன்னால் பேசியது, ஊழியர்கள் எழுந்து போன பிறகும் பேசியது என்று டிஸ்க் முழுக்க முதலாளியே இருந்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மைக்காக அரசர்கள் நாட்டையே இழந்திருக்கிறார்கள்.

“அழி.”

அவள் அழித்தாள். காலையிலிருந்து இவ்வளவு சுறுசுறுப்பாக அவள் எதையும் செய்யவில்லை.

டிவியில் பச்சைக் கோடு நத்தைபோல நகர்ந்தது. முதலாளி சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மெயிலில் எழுதியிருந்ததை மனப்பாடமாகச் சொன்னார். “கீழ்த்தளத்தில் சர்வரை வைப்பது, தண்ணீருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். எப்படி? ஒரு எழுத்து மாறாது.”

நல்ல வாக்கியம் என்று முதலாளியம்மாவே தலையாட்டினாள். இப்படியெல்லாம் எழுதக்கூடிய ஆளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று அவளுக்கு லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது.

கோடு முடிந்தது. அந்தப் பெண் முதலாளியின் மெயில் பெட்டியைத் திறந்து, ‘அனுப்பியவை’ பக்கத்தில் ‘வெற்றிலை’ என்று தேடினாள்.

வந்துவிட்டது. தேடிய வரி மஞ்சள் பூசிக்கொண்டு திரையின் நடுவில் நின்றது. ஒரு எழுத்து மாறவில்லை.

“பாத்தியா! என் பெட்டி! நான் அனுப்பினது!” முதலாளி துள்ளி எழப் பார்த்தார். நாற்காலி அவரை மறுபடியும் சாய்த்துவிட்டது.

மேனேஜர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி, சத்தம் வராமல் மேசையில் வைத்தார்.

“கொஞ்சம் மேல தள்ளும்மா” என்றாள் முதலாளியம்மா. “முழுசாப் படிப்போம்.”

திரை மேலே நகர்ந்தது. அந்தக் கடிதத்தின் முதல் வரி வந்தது.

‘அன்புள்ள அத்தான்,’

முதலாளியம்மா முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க யார அத்தான்னு கூப்பிடுவீங்க?” என்று கேட்டாள் அவள்.

முதலாளிக்கு அக்காவும் கிடையாது, அக்கா புருஷனும் கிடையாது.

“இன்னும் மேல தள்ளு.”

அந்தக் கடிதத்துக்கு எழுதிய பதில் அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அனுப்பியவர் முதலாளி. சுவரை அடைத்த டிவியில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம்.

‘மாப்பிள்ளை, தண்ணீருக்குப் படி இறங்கத் தெரியாது. சர்வரை உடனே கீழே கொண்டுபோ. எனக்கு மத்தியானத்தில் அந்த ஏசி அறையில்தான் தூக்கம் வருகிறது.’