கதவுக்குள் ஒரு துண்டு

"கதவு மாதிரி இருக்கிற படத்தை முதல்ல தொடு" என்றான் கணவன், போனில்.

"அந்தக் கதவுதாங்க இப்ப என் உசிரை வாங்குது!" அவள் விரலை வைத்தாள்.

ஐஸ்கிரீம் கிடங்கின் குளிரறைக்குள் கொழுந்தன் மாட்டிக்கொண்டிருந்தான். ஜப்பானிலிருந்து கைமாறி வந்த பழைய மெஷின். உள்பக்கக் கைப்பிடி கையோடு கழன்றுவிட்டது. வெளியே இரண்டு பொத்தான்கள். மேலே இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு ஜப்பான் எழுத்து. தவறானதை அமுக்கினால் விடியும்வரை திறக்காது என்று விற்றவர் எச்சரித்திருந்தார்.

"அண்ணி! நான் குச்சி ஐஸ் ஆகறதுக்குள்ள கண்டுபிடிங்க!" கொழுந்தனின் பற்கள் தந்தியடித்தன.

அவள் போனில், எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, படம் பார்த்துத் தேடும் செயலி. ஜப்பான் எழுத்துத் தெரியாத அவளுக்காகக் கணவனே செய்தது.

"இப்ப அதுக்குள்ள இருக்கிற துண்டைத் தேடு."

"குடைக்காம்பு மாதிரி வளைஞ்சிருக்கு... இதுவா, இதுவா? எல்லாம் ஒரே மாதிரி இருக்குங்க!"

"அவசரப்படாம பாரு. எழுத்து எங்கேயும் ஓடிடாது."

"உங்க தம்பி உயிர் ஓடிடும்!"

தொட்டாள். 'மூடு' என்று தமிழில் வந்தது. கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; கேட்காமல் செயலியின் முதல் பக்கத்துக்குத் தாவினாள்.

மற்ற எழுத்தையும் பார்க்காமல் அமுக்கத் துணியவில்லை. அதன்மேல் கிரீஸ். முந்தானையால் துடைத்தாள். அதே கதவு. உள்ளே, இரண்டு பலகை வைத்த ஸ்டூல் மாதிரி ஒரு துண்டு.

கதவுக்குப் பின்னால் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"தம்பி! பேசுங்க தம்பி!"

ஸ்டூலைத் தொட்டாள். 'திற.'

அந்த எழுத்தின் கீழிருந்த பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. புருவமெல்லாம் வெள்ளையாக, கொழுந்தன் அவள் தோளில் சரிந்தான்.

"சபாஷ்! கண்டுபிடிச்சிட்டியே!" என்றது போன்.

அவள் போனை அணைக்கப் போனாள். கொழுந்தன் விறைத்த கையால் தடுத்தான்.

"வேண்டாம் அண்ணி. அண்ணன் குரல்... முழுசா ஓடட்டும்."

போனுக்குள், அந்தப் பழைய பதிவின் பின்னணியில் பாத்திரச் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், அவளுடையதேதான்: "டீ ஆறுதுங்க. குடிச்சிட்டுக் கிளம்புங்க, பஸ் போயிடும்."

அன்று அவன் ஏறிய அந்த பஸ் பாலத்திலிருந்து விழுந்து இரண்டு வருடமாகிவிட்டது.

"இதோ வரேன்" என்றான் அவன், எப்போதும் போல.