எந்தப் பந்தெலிஸ்?

அந்தக் கிரேக்கத் தீவில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. பந்தெலிஸைத் தேடி வெளியூரார் வந்தால், எந்தப் பந்தெலிஸ் என்று உள்ளூரார் எவரும் பிரித்துச் சொல்லக் கூடாது. பாட்டனின் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற பேரர்கள் மூவர்: கோல்கீப்பர், பாடகர், அறுவை மருத்துவர். எவருக்கு வந்த பாராட்டையும் வசவையும் அகப்பட்டவர் வாங்கிக்கொள்வார். குடும்பப் பெயரும் ஒன்றுதானே!

காபிக் கடையில் கோல்கீப்பரோடு சீட்டாடிக்கொண்டிருந்த, ஊரார் ஒல்லி என்றே கூப்பிடும் மனிதருக்கு அன்று ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை.

"என்னடா ஒல்லி, இப்படிக் கோட்டை விடுறே? நான்கூட இவ்வளவு கோல் விட்டதில்லடா!"

அப்போது கப்பலிலிருந்து இறங்கிய ஒருவர் நேரே உள்ளே வந்தார்.

"இங்க பந்தெலிஸ் வூரோஸ் யாரு?"

கையெழுத்துக்குத்தான் என்றெண்ணிக் கோல்கீப்பர் கையை உயர்த்தினார்.

"நீங்கதானா? ஆபரேஷன்லயே எம்பொண்ணு போயிட்டா. வெளிய வந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? பின்வாசல் வழியா ஓடிட்டீங்களே! நீங்கள்லாம் டாக்டரா?"

கோல்கீப்பர் விதிப்படி தலையைக் குனிந்துகொண்டார்.

"வாயத் தொறந்து பேசுங்க சார்!"

ஒல்லியின் பார்வை கடையின் பின்கதவுக்குப் போய்த் திரும்பியது. அவர் எழுந்தார். கடைக்காரர் ஒல்லியின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"சும்மா உக்காருடா. அவன் சமாளிச்சுக்குவான்."

ஒல்லி அந்தக் கையை விலக்கிவிட்டு, வந்தவரின் எதிரில் போய் நின்றார்.

"அவனைத் திட்டாதீங்கய்யா. அவன் பந்து பிடிக்கிறவன். உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணின பந்தெலிஸ் நான்தான்."