கழுவாத டாங்கி

ராஜவேல் மூன்றாவது கோழித் துண்டைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்டான்.

"சூப்பரா இருக்கு மாமா. இந்த அடுப்புக்கு டாங்கிய எங்க புடிச்சீங்க?"

இன்னொரு வாய் கடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கடித்தான்.

ராஜவேல் என் மனைவி செல்லாயியின் அண்ணன் மகன். எங்கள் ஊரை ஒட்டிய ரசாயனக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர்.

போன தை மாதம் செல்லாயி அந்தக் கம்பெனியின் பின்சுவரோரம் ஆடு ஓட்டிக்கொண்டு போனாள். உள்ளே ஒரு டாங்கி, வெல்டிங் வைத்த இடம் விட்டுப்போய், சுவரைத் தாண்டி அவள் முகத்தில் பீய்ச்சி அடித்தது. அன்றிலிருந்து அவளுக்கு வெளிச்சம், இருட்டு, இந்த இரண்டு மட்டும்தான் தெரியும்.

கடலூரில் கண் டாக்டர் ஒன்றுதான் கேட்டார். பட்டது என்ன, அதன் பெயர் என்ன? பெயர் தெரிந்தால் அதற்கேற்ற மருந்து பார்க்கலாம். தெரியாமல் எதையாவது போட்டால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது கம்பெனி சார்பில் பேசியவன் ராஜவேல்தான். டாங்கியில் இருந்தது வெறும் தண்ணீர், அத்தைக்கு ஏற்கெனவே கண்புரை என்றான். அத்தை என்றே சொன்னான். மரியாதை தெரிந்த பிள்ளை.

அந்த வாரமே டாங்கியைக் கழற்றிக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

நான் கோபப்படவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பசி எடுக்கும். அதனால் ஒரு அடுப்பு செய்யலாம் என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

ஆள் நீளத்துக்கு ஒரு டாங்கி கிடைத்தது. வெல்டிங் பட்டறை சிலம்பரசன் அதை நீளவாக்கில் அறுத்து, மேல்பாதியில் கீல் வைத்து மூடியாக்கினான். ஒரு பக்கம் விறகு எரிய இரும்புப் பெட்டி, மறுபக்கம் புகை போகக் குழாய். நெருப்பு கறியைத் தொடக் கூடாதாம், புகை மட்டும் தடவிக்கொண்டே போக வேண்டுமாம். எல்லாம் அவன் போனில் பார்த்துச் செய்தது.

முந்திரி விறகைப் போட்டு, விடியற்காலையிலிருந்து நாட்டுக்கோழியைப் புகையில் வைத்தேன். வாசனைக்கு நெல்லிக்குப்பத்து நாய்களெல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மேல்பட்டாம்பாக்கத்து நாய்கள் பஸ்ஸைத் தவறவிட்டதால் அவற்றுக்கு எலும்புகூட மிஞ்சவில்லை. நம்பாதவர்கள் அந்த நாய்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ராஜவேலைச் செல்லாயிதான் போனில் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் பங்காளிகள் கோர்ட்டில் வழக்காடிவிட்டு ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள், அது பரவாயில்லை. ஆனால் அத்தை கோழி அடித்துக் கூப்பிட்டு அண்ணன் மகன் வராமல் போனால், பிறகு சாவுக்குக்கூட வாசலை மிதிக்க முடியாது. அதனால் வந்தான். ஆப்பிள் வேறு வாங்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, உங்களத்தான் கேக்கறேன்."

"சிதம்பரம் காயலான் கடையிலப்பா. உங்க கம்பெனி டாங்கிதான். உங்க அத்தை மேல பீச்சுச்சே, அதேதான். வெறும் தண்ணின்னு நீதான சொன்ன, அதனால கழுவக்கூட இல்ல."

மெல்லுவது நின்றது.

மெதுவாகத் திரும்பி அடுப்பைப் பார்த்தான். மூடியில் நீலப் பெயின்ட் கருகி, அங்கங்கே சுருண்டு உரிந்திருந்தது.

என் ஆயுசில் நான் சொன்ன எதையும் இந்த ஊரில் ஒருத்தரும் நம்பியதில்லை. ராஜவேல் நம்பினான்.

வாயில் இருந்ததைக் கையில் துப்பினான். கொய்யா மரத்தடிக்கு ஓடித் தொண்டைக்குள் விரலை விட்டான். பிறகு தட்டருகே திரும்பி வந்து போனை எடுத்தான். அது கை நழுவிக் குழம்பில் விழுந்தது. சட்டையிலேயே துடைத்துக்கொண்டு கம்பெனி டாக்டரைக் கூப்பிட்டான்.

ஒரு பெயரைச் சொன்னான். கூட்ஸ் வண்டி மாதிரி, போய்க்கொண்டே இருக்கிற பெயர். "அது வயித்துக்குள்ள போயிட்டா மொதல்ல என்ன சார் பண்ணணும்?" என்றான்.

டாக்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

கதவோரம் உட்கார்ந்திருந்த செல்லாயியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. போன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டா ராஜவேலு, தண்ணிக்கு இவ்ளோ பெரிய பேரா?"

செருப்பைக்கூடப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டான்.

மறுநாள் கண் டாக்டரிடம் செல்லாயி அந்தப் பெயரை ஓரெழுத்து சிந்தாமல் ஒப்பித்தாள். அவர் மருந்தை மாற்றினார். இப்போது வலது கண்ணில் என் மீசை தெரிகிறதாம். நன்றாக இல்லை என்கிறாள்.

டாங்கி சிதம்பரம் காயலான் கடையில் எடுத்ததுதான். அதற்கு முன்னால் அது பைபாஸில் ஒரு பஞ்சர் கடையில் இருந்தது. லாரி டயருக்குக் காற்று பிடிக்கிற கம்ப்ரஸர் டாங்கி. வெறும் காற்றைத் தவிர வேறு எதையும் அது உள்ளே வைத்திருந்ததில்லை. நீலப் பெயின்ட் மட்டும் நான் அடித்தது.

பெயர் கிடைத்ததும் ராஜவேலிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பேசி வைத்திருந்தோம். "உடனே சொல்லிடுங்க, பாவம் புள்ள பயந்துடும்" என்று செல்லாயி முதல்நாளே எச்சரித்திருந்தாள்.

ஆனால் அவன் பைக்கை உதைத்துக் கிளப்பும்போது எங்கள் தட்டிலும் அதே கறிதான் இருந்தது. செல்லாயி ஒரு துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான். சாப்பிடாதே அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாராவாரம் ரத்தம் பரிசோதிக்கப் போகிறான் என்று கேள்வி. நான் இன்னும் சொல்லவில்லை. செல்லாயியும் சொல்லச் சொல்லவில்லை.