ஓரம் பிடித்தது

கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓவன் பிளக்கைச் செருகினாள்.

அந்த வீட்டில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றுதான்.

"இன்னிக்கு நீ எதையும் தொடக் கூடாது."

அம்மாவிடம் கேட்கவில்லை. சொன்னாள்.

அம்மா தரையில் உட்காரப் போனாள்.

"நாற்காலியில."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதிதான். அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவளைப் போல.

மகள் ஆப்பிள்களைத் தோல் சீவினாள். துண்டு போட்டாள். எலுமிச்சை பிழிந்தாள். சர்க்கரை, பட்டைத்தூள்.

பிறகு மேலே போடுவதற்கு. ஓட்ஸ், மைதா, நாட்டுச் சர்க்கரை. குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள்.

புட்டு மாவுப் பதம் வரவேண்டும்.

நிமிர்ந்தாள். அம்மாவின் விரல்கள் மடியில் தாமாகத் தேய்த்துக்கொண்டிருந்தன. பார்த்ததும் நின்றன.

அம்மாவிடமே கேட்டிருக்கலாம். சமையல் வேலைக்குப் போகிற ஆறாவது மாடி வீட்டில் பதினைந்து வருடமாக அம்மாதான் இதைச் செய்கிறாள். அந்த வீட்டு மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் இந்த ஆப்பிள் கிரிஸ்ப் வேண்டும். அம்மா ஓவன் சூட்டில் நிற்பாள். அவர்கள் மேசையில் உட்காருவார்கள்.

அவள் கேட்கவில்லை. செல்போனைப் பார்த்துச் செய்தாள். அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்கூட இந்தக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் விழக் கூடாது.

அங்கிருந்து வந்ததெல்லாம் போதும்.

வந்தது ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே கருஞ்சிவப்பாக, மொறுமொறுவென்று, உடைந்த துண்டுகள். சின்ன வயதில் டப்பாவையே நக்கியிருக்கிறாள்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் சாவி வாங்க அங்கே போனாள். சிங்க்கில் அம்மா கண்ணாடிப் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கழுவப் போட்ட பாத்திரம். சுரண்டியது டப்பாவுக்குள் போனது.

அன்று மாலை டப்பாவைச் சுவரில் எறிந்தாள்.

"அவங்க எச்சி எனக்கு வேணாம்."

அம்மா குனிந்தாள். சிதறியதைப் பொறுக்கித் தின்றாள்.

டப்பாவின் மூடி நெளிந்துபோனது. அதற்குப் பிறகு குத்தினால்தான் மூடும்.

அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் படித்தாள். கண்ணாடியில் கரண்டி உரசுகிற சத்தம். வீட்டின் முதல் பட்டத்தைக் கையில் வாங்கியபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு அதுதான் கேட்டது.

இன்று முதல் கரண்டி அம்மாவுக்கு. நடுவிலிருந்து. சூடாக. புதுத் தட்டில். உட்கார்ந்து.

இது ஒன்றுதான் வேண்டும் அவளுக்கு. இதற்காகத்தான் ஓவன்.

நாற்பது நிமிடம்.

எதிர்வீட்டு அலமேலக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, கேக்குக் கடை வெச்சிட்டியா?"

மணி அடித்தது. துணியை எடுத்தாள்.

"இரு" என்றாள் அம்மா. "இன்னும் அஞ்சு நிமிஷம்."

"நாப்பதுன்னுதாம்மா போட்டிருக்கு."

"போட்டிருக்கும்."

இருந்தாள்.

உள்ளே ஓரங்களில் சாறு கொதித்தது. கறுத்தது. பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது.

போச்சு.

எடுத்தாள். நல்லவேளை, நடுப்பகுதி தீயவில்லை. கரண்டியை அங்கே இறக்கினாள். ஆப்பிள் குழைந்து ஆவி விட்டது. தட்டில் வைத்து நீட்டினாள்.

அம்மா ஒரு வாய் எடுத்தாள்.

மென்றாள்.

விழுங்கினாள்.

தட்டைக் கீழே வைத்தாள்.

"கொழகொழன்னு இருக்குடி."

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே எறிந்தாள்.

அம்மா எழுந்து வந்தாள். கரண்டியைத் திருப்பிப் பிடித்தாள். காம்பைப் பாத்திரத்தின் மூலையில் குத்தி நெம்பினாள்.

கரக்.

அதே சத்தம்.

கருஞ்சிவப்பாக ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அம்மா அதை ஊதினாள். மகளின் வாயில் திணித்தாள்.

"அந்தம்மா நாப்பது நிமிஷம்னுதான் சொல்லும். நான் அஞ்சு நிமிஷம் சேத்து வுடுவேன். ஓரம் புடிச்சிக்கும். அவங்க வெள்ளி ஸ்பூனு அதுல ஏறாது. அய்யய்யோ தீஞ்சிடுச்சேன்னு நடுவுல கீறத மட்டும் அள்ளிக்கினு போயிடுவாங்க."

வாய்க்குள் நொறுங்கியது. இனிப்பு. புளிப்பு. கடைசியில் கொஞ்சம் கசப்பு.

அவளுக்குத் தெரிந்த ருசி.

"பதினஞ்சு வருஷமாவா?"

"பின்ன?"

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? டப்பாவத்தான் எறிஞ்ச."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக. அப்புறம் அடக்க முடியவில்லை. அம்மா நாற்காலிக்குத் திரும்பினாள். இந்த முறை முதுகு சாய்த்து, முழுதாக உட்கார்ந்தாள். பாத்திரத்தை மடித் துணிமேல் வாங்கிக்கொண்டாள்.

நாலு மூலை. இரண்டு பேர்.

சுரண்டிச் சுரண்டித் தின்றார்கள். அலமேலக்கா மறுபடி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

நடுப்பகுதி மட்டும் அப்படியே கிடந்தது.

"இத என்னம்மா பண்றது?"

அம்மா கரண்டியை நக்கினாள்.

"டப்பால போடு. நாளைக்கு ஆறாவது மாடிக்கு எடுத்துக்கினு போறேன். அந்தம்மாக்கு அதான் புடிக்கும்."

மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள். நடுவில் இருந்ததை வழித்துப் போட்டாள். மூடினாள்.

மூடி உட்காரவில்லை.

குத்தினாள்.