அடுப்பை அணைத்தவள்

“அடுப்ப அணைங்க! முதல்ல கேஸ மூடுங்க!”

பின்வாசல் வழியாகக் கத்திக்கொண்டே ஓடிவந்த பெண்ணைப் பார்த்து, சமையல் மாஸ்டர் வேதமுத்து கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றார். அடுக்களை முழுக்கப் புகை. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே, புகையை மாடிக்கு இழுக்கத் தொங்கிய தகரக் கூண்டின் விளிம்பிலிருந்து கறுப்பாகப் பிசுக்கு சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு அடுப்பில் விழ, தீ குப்பென்று கூண்டு வரைக்கும் எழும்பியது.

அந்தப் பெண்ணே பாய்ந்து கேஸ் வால்வைத் திருகினாள். தீ அடங்கியது.

“யாரும்மா நீ? யாரக் கேட்டு அடுப்ப அணைச்ச?” கல்லாவிலிருந்து ஓடிவந்தார் ஹோட்டல் முதலாளி ஐயம்பெருமாள்.

“எம்பேரு சங்கரி, அண்ணாச்சி. கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல ஃபேன் மெயின்டனன்ஸ் பாத்தவ. ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். மாடிக் குழாய்ல போக வேண்டிய புகை உங்க சன்னல் வழியா வந்துச்சி. புகைய இழுக்குத ஃபேன் நின்னுட்டுன்னு தெரிஞ்சுபோச்சி.”

“ஃபேன் நின்னா நிக்கட்டும். வண்ணார்பேட்டை கல்யாணத்துக்கு வடை போயாகணும்!”

“இந்தக் கூண்டுக்குள்ள பூரா எண்ணெய்ப் பிசுக்கு. தீ ஒரு தடவ உள்ள ஏறிட்டுன்னா மாடி வரைக்கும் பிடிச்சிரும். ஹால்ல சின்னப் பிள்ளைக எல்லாம் உக்காந்து சாப்பிடுது, அண்ணாச்சி.”

ஐயம்பெருமாள் அரிசி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“இன்னைக்குப் போயா இப்படி ஆகணும்! எதிர்த்தாப்புல எவனோ புதுசா ஹோட்டல் திறக்கான். எந்த ஊர்க்காரன்னுகூடத் தெரியல. இத்தன நாளா ஷட்டர மூடி வச்சுல்லா வேல பாத்திருக்கான்! கல்யாணத்துக்குப் பலகாரம் போகலேன்னா இந்தக் கடைய நம்பி இனிமே எவன் ஆர்டர் குடுப்பான்? அம்புட்டு ஆர்டரும் அவங்கிட்டப் போயிரும்.”

சங்கரி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

“மாடிக்கு வழி எங்கன இருக்கு?”

மேலே மோட்டார் மட்டும் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை விசிறியோடு இணைக்கும் பெல்ட் நார் நாராகக் கிழிந்து கீழே கிடந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, அதைக் கையில் எடுத்து முழம் போட்டுப் பார்த்தாள்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. பெல்ட்தான் போச்சு,” என்றாள் இறங்கி வந்து.

“காலங்காத்தால இந்நேரத்துக்கு எந்தக் கட திறந்திருக்கும்?” வேதமுத்து கையைப் பிசைந்தார்.

“இதே சைஸ்ல புது பெல்ட் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நான் போயி எடுத்துட்டு வாரேன். அதுக்குள்ள கூண்டுல உள்ள சல்லடைய எல்லாம் கழத்தி, வெந்நீர்ல சோடாவப் போட்டுத் தேய்ங்க. குழாய் வாயில உள்ள பிசுக்கையும் சுரண்டுங்க. அண்ணாச்சி, நீங்களுந்தான்!”

சொல்லிவிட்டுப் பறந்தாள்.

முதலாளி, மாஸ்டர், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் கரண்டியும் கத்தியுமாகச் சுரண்டினார்கள். ஐயம்பெருமாளின் வெள்ளைச் சட்டை கரிச்சட்டை ஆனது. அவர்கள் பாதி சுரண்டுவதற்குள் மூச்சு வாங்கத் திரும்பி வந்துவிட்டாள் சங்கரி. நேராக மாடிக்கு ஓடினாள். நடுவில் அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம். ஐயர உக்காரச் சொல்லு,” என்று சொல்லி வைத்தாள்.

“வீட்டுல விசேஷமாம்மா?” என்றார், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்த ஐயம்பெருமாள்.

“ஆமா அண்ணாச்சி. அந்த நட்டைப் பிடிங்க. பைய... பைய... இப்ப இறுக்குங்க!”

விசிறியின் இறக்கைகளை வழித்துத் துடைத்து, பெல்ட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். முதலில் ஒரு முனகல். அடுத்து ‘உய்ய்ய்’ என்று ஒரு இரைச்சல். கீழேயிருந்து வேதமுத்துவின் கூச்சல் மாடி வரை கேட்டது.

“மொதலாளி! புகைய உறிஞ்சுது! நூலு மாதிரி இழுக்கு!”

ஐயம்பெருமாள் படிகளில் சின்னப் பையன் மாதிரி குதித்து இறங்கினார். அடுப்பு மூண்டது. வடை பொன்னிறத்தில் புரண்டது. பொங்கலும் சாம்பாரும் வடையும் ஏறிய வேன் மண்டபத்துக்குச் சீறிப் பாய்ந்தது.

“என்ன வேணும்னாலும் கேளும்மா!” என்றார் ஐயம்பெருமாள்.

“பெல்ட் கடை திறந்ததும் அதே சைஸ்ல ஒண்ணு வாங்கிக் குடுத்திருங்க, போதும். குழாய முழுசாக் கழுவுத வரைக்கும் பெரிய சட்டி வைக்காதீங்க. நான் வாரேன் அண்ணாச்சி, நேரமாச்சு.” ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டாள்.

சிறிது நேரத்தில் மண்டபத்திலிருந்து போன் வந்தது. கல்யாணப் பெண்ணின் தகப்பனாருக்கு வாயெல்லாம் சிரிப்பு. பந்தியில் வடை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களாம்.

ஐயம்பெருமாள் போனை வைப்பதற்குள் வேதமுத்து வாசலிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தார்.

“மொதலாளி, சங்கதி தெரியுமா? எதிர்த்த கட இன்னைக்குத் திறக்கலையாம்! நல்ல நேரமும் போயிட்டாம். வந்த கூட்டம் பூரா நம்ம கடைக்கு வருதுவே!”

“அப்படிப் போடும்! வாரும், அவன் மூஞ்சியப் பாப்போம்!”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள்.

எதிரே, பாதி தூக்கிய ஷட்டருக்கு முன்னால், கரி படிந்த கைகளைக் கூப்பியபடி சங்கரி கூட்டத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“மன்னிச்சுக்கிடுங்க, எங்க கட ஃபேனுக்கு பெல்ட் இல்ல, அது இல்லாம நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன், இன்னைக்கு ஒரு நாள் அந்தா அண்ணாச்சி கடையில சாப்பிடுங்க, வடை நல்லாருக்கும்.”