பத்துக்கு இரண்டு

கரும்பலகையில் அவர் பெயருக்கு நேராகப் பத்து என்று எழுதினார்கள்.

எதிராளிக்கு இரண்டு.

அவர் பத்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். வந்திருப்பவர் இரண்டு ஜெயித்தால் போதும், கோப்பையோடு வீட்டுக்குப் போகலாம். நன்றாக ஆடுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை இது. ஹேண்டிகேப் என்பார்கள்.

போன வருடம் எட்டு. அதற்கு முன்னால் ஏழு. இப்படியே போனால் அடுத்த வருடம் கண்ணைக் கட்டிவிடுவார்கள். அதற்கடுத்த வருடம் ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டு, பந்துகளை வாயால் ஊதிக் குழியில் தள்ளச் சொல்வார்கள்.

தள்ளிவிடுவார். அதுதான் சிக்கல்.

கோயம்புத்தூரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. பச்சைத் துணி விரித்த மூன்று பில்லியர்ட்ஸ் மேசைகள். மாதக் கடைசி ஞாயிறு காலை டோர்னமென்ட்.

அவரைத் தோற்கடித்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அவர்கள் துள்ளிய துள்ளலில் கீழே பேக்கரியில் கேக் எல்லாம் ஒரு அங்குலம் அமுங்கியது. ஒருவர், அவரோடு கை குலுக்கிய போட்டோவைத் தன் கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

பதினொரு பேரில் ஒருவர்கூட இரண்டாம் முறை அவரோடு ஆட வரவில்லை.

தோற்றவர்கள்? அவர்களும்தான்.

மற்ற நாட்களில் அவருடைய வலது கைக்கும் இடது கைக்கும் மேட்ச். இடது கைக்கு மூன்று ஆட்டம் சலுகை.

இடது கை இதுவரை ஒரு நன்றி சொன்னதில்லை.

இன்றைய எதிராளி சென்னியப்பன். தறி சாமான் கடைக்காரர். நாற்பது வயது, முதல் டோர்னமென்ட். ஸ்டிக்கைக் கடப்பாரை மாதிரிப் பிடித்திருந்தார்.

பலகையைப் பார்த்தார். நேராகப் போய், உள்ளங்கையாலேயே அந்த இரண்டை அழித்தார்.

டோர்னமென்ட் நடத்தும் சுந்தரராசு ஓடி வந்தார். “அட, என்னங்க பண்றீங்க?”

“ரெண்டே ரெண்டுன்னா, நான் கடையப் பூட்டிட்டு வந்ததுக்கு என்னங்க அர்த்தம்? எனக்கு ஆடோணும்ங்க. எனக்கும் பத்துன்னே போடுங்க.”

“உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றோம். அவரு ஆளில்லீங்க. மெசினு.”

“நான் பொறந்ததுல இருந்து மெசினோடதானுங்க மல்லுக்கட்டறேன்.”

சுந்தரராசு கடிகாரத்தைப் பார்த்தார். பத்துக்குப் பத்து என்றால் தீபாவளி வந்துவிடும். ரெண்டு பேருக்கும் அஞ்சு, என்று எழுதிவிட்டுப் போனார்.

ஐந்து. ஐந்து.

அவர் நீலச் சுண்ணக் கட்டியை எடுத்து ஸ்டிக் நுனியில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். கட்டியில் பாதி காணாமல் போனது.

முதல் ஆட்டம் அவருக்கு. இரண்டாவதும்.

தோற்றவர்தான் ஜெயித்தவர் பெயரில் கோடு போட வேண்டும். அந்த மாடியில் அப்படித்தான். கோடு போடப் போகிறவர்களின் முதுகை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு கோட்டுக்கும் முதுகு கொஞ்சம் சுருங்கும்.

சென்னியப்பன் முதுகு சுருங்கவில்லை. கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, “அந்த மஞ்சளை எப்படீங்க ஓரத்துல மோதித் திருப்புனீங்க?” என்றார்.

திருப்பிக் காட்டினார். இன்னொரு முறையும் காட்டினார்.

மூன்றாவதும் அவருக்கே. ஒரு பந்தை விட்டுக்கொடுக்கலாமா என்று நினைத்தார். ஒன்றே ஒன்று.

அதுவும் சலுகைதான். அதைத்தான் அந்த ஆள் உள்ளங்கையால் அழித்திருந்தார்.

விட்டுக்கொடுக்கவில்லை.

நான்காவது ஆட்டத்தைச் சென்னியப்பன் ஜெயித்தார். கறுப்புப் பந்து மூன்று ஓரங்களில் மோதி, நடு மேசையில் நின்று யோசித்து, பிறகு மனம் மாறிக் குழிக்குள் போனது.

அவர் போய்க் கோடு போட்டார். கோடு வளைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தபோது சென்னியப்பன் துள்ளவில்லை. போட்டோ எடுக்க யாரையும் கூப்பிடவில்லை. குனிந்து, குழிகளிலிருந்து பந்துகளை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. பந்து, அடுத்த பந்து. இருவரும் பேசிக்கொண்டே ஆடினார்கள். அவருடைய கைகளுக்குப் பத்துதான் பழக்கம். பத்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

மறுபடி ஜெயித்தார். மறுபடியும்.

கடைசிக் கறுப்பு விழுந்த சத்தம் அடங்குவதற்குள் முக்கோணச் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினைந்து பந்துகளையும் அதற்குள் அடுக்கினார். முதல் அடியில் உடைத்துச் சிதறடிக்கத் தோதாக இறுக்கினார்.

“என்னங்ணா, இன்னும் அடுக்கறீங்க?” அடுத்த மேசையிலிருந்து சுந்தரராசு. “அஞ்சு ஆயிப்போச்சே? அடுத்த ஜோடி காத்துட்டு நிக்குதுங்.”

சட்டத்தின் மேல் அவர் கைகள் நின்றன.

ஐந்தா?

இனி நடப்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கை நீளும். நல்லா ஆடுனீங்க சார். வாசலில் செருப்புத் தேடல். பதினாறு படிகள்.

அவர் நிமிரவில்லை.

சென்னியப்பன் பலகை முன் நின்றிருந்தார். பலகையில் ஜெயித்தவர் பெயரில் நான்கு கோடுகள். ஐந்தாவதைப் போட வேண்டிய சாக்பீஸ் சென்னியப்பன் விரல்களுக்கு இடையில் இருந்தது.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாலுதானுங்க ஆயிருக்குது. வேணும்னா வந்து எண்ணிப் பாருங்க.”

சுந்தரராசு வந்தார். எண்ணினார். தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

அவரும் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மீண்டும் ஒரு முறை, மெதுவாக.

பிறகு ஒரு பந்தும் அசையாமல் முக்கோணத்தைத் தூக்கினார்.

“நீங்க உடைங்க” என்றார்.